வாசற்கல் – அத்தியாயம் 7: ஒரு புத்தகம், ஒரு செங்கல்

சென்ற வாரம் உங்களை ஃபுளோரிடாவில், எப்கொட் பூங்காவின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன். பெயர்த்தெடுத்த அந்த முகங்களை எங்கே கொண்டுபோனார்கள் என்ற கேள்வியோடு அத்தியாயம் முடிந்திருந்தது.

அந்த வாசலை மறுபடி ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1982 இல் பூங்கா திறந்தபோது, உள்ளே காலடி வைத்தவரின் கண்ணை முதலில் பிடித்தது 180 அடி உயரத்து வெள்ளிக் கோளம். புத்தாயிரம் பிறக்கவிருந்த 1999 இல் அந்தக் கோளத்துக்கு முன்னால் கருங்கற் பலகைகளை எழுப்பினார்கள். சில பலகைகள் மூன்று அடி, சில பத்தொன்பது அடி. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓவியர் ஜோன் ஹெஞ்ச் வரைந்த வடிவம் அது. கற்களின் மேல் ஓர் அங்குலச் சதுரத்தில் உலோகத் தகடுகள், தகடுகளில் விருந்தாளிகளின் முகங்கள். ஒரு முகத்துக்கு 35 டொலர். ‘லீவ் எ லெகசி’ என்று பெயர் வைத்தார்கள். உன் நினைவை இங்கே விட்டுப் போ என்று அர்த்தம். 2007 ஜூனில் விற்பனை நின்றபோது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முகங்கள் அங்கே ஒட்டியிருந்தன.

பூங்காவின் பழைய ரசிகர்களுக்கு அது பொறுக்கவில்லை. களிப்புக்கு வந்த இடத்தில் சவக்காலையைக் கடந்தா உள்ளே போவது என்று கேட்டார்கள். எதிர்த்தரப்பில் நின்றவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்த கடைசிப் படம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது, அதை எப்படிக் கழற்றுவீர்கள் என்றார்கள். 2019 இல் கற்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். பழைய நீரூற்று மீண்டும் வந்தது. முகங்களோ வாசலுக்கு வெளியே, டிக்கெட் வாங்காதவரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில், புதிய சுவர்களில் ஏறின. அவற்றை அழிக்கவில்லை. வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.

இந்த வழக்கை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் என் நினைவில் திரும்பத் திரும்ப வந்தது வேறொரு வாசல். முற்றவெளிக்கு அருகில், கோட்டை பார்த்திருக்க நிற்கும் ஒரு வெள்ளைக் கட்டடத்தின் வாசல். அங்கே ஓர் அங்குல முகத்துக்காக எவரும் வாதாடவில்லை. ஒரு சுவரின் கரியைத் துடைக்கலாமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. துடைப்பவர் யார், துடைத்த பிறகு வாசலில் எவர் பெயரைப் பொறிப்பது என்பவை அதன் பின்னால் வந்த வழக்குகள்.

*

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையைப் பலர் அதன் சாம்பலிலிருந்து தொடங்குவார்கள். நான் காணிவேலிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு தனிமனிதரின் ஆசை இருக்கிறது. நீதிமன்ற உத்தியோகத்தரான க. மு. செல்லப்பா 1933 இல் தன் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊருக்கு இலவச நூலகம் ஒன்று வேண்டும் என்று பகிரங்க வேண்டுகோளும் விடுத்தார். 1934 ஓகஸ்ட் 1 இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் அது திறந்தது. 844 நூல்கள், 36 பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே நகரசபை அதைப் பொறுப்பேற்றது.

யாழ்ப்பாணம் மாநகரமாகி, சாம் சபாபதி முதல் மேயரானபோது அந்த அறை போதவில்லை. பெரிய கட்டடம் வேண்டும். பணம் எங்கிருந்து வரும்? ஊரைக் கூட்டிக் களியாட்டம் நடத்தினார்கள். காணிவேல், இசை, நடனம், லொத்தர். விளையாட வந்தவர்களின் சில்லறை, லொத்தர் வாங்கியவர்களின் காசு, சந்தா கட்டியவர்களின் காசு எல்லாம் சேர்ந்தன. ஃபுளோரிடாவில் களியாட்டத்துக்கு வந்தவர்கள் காசு கொடுத்துத் தங்கள் முகத்தைக் கல்லில் ஏற்றினார்கள். இங்கே காணிவேலுக்கு வந்தவர்களின் காசு பெயரில்லாமல் அத்திவாரத்துக்குள் போனது. எவருடைய ஒரு ரூபாய் எந்தத் தூணில் இருக்கிறது என்று கேட்க வழியில்லை. இந்தக் கட்டடத்தின் மீது யாழ்ப்பாணத்தாருக்கு இருக்கும் உரிமையுணர்வு அந்த இடத்தில்தான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

அயர்லாந்திலிருந்து வந்து சென். பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார் இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தார். இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில், நடுவில் குவிமாடத்தோடு வரைந்து கொடுத்தார். 1954 மார்ச் 29 அன்று அடிக்கல் நாட்டு விழா. மேயரும் லோங் அடிகளாரும் மட்டுமல்லாமல் பிரித்தானிய உயர்ஸ்தானிகர், அமெரிக்கத் தூதுவர், இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் செயலாளர் ஆகியோரும் கல் வைத்தார்கள். விருந்தாளிகளின் பெயர்கள் இந்த வாசலுக்கு வந்தது அப்படித்தான். 1959 ஒக்டோபர் 11 இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். சிறுவர் பகுதி 1967 இல் வந்தது.

வாசலில் சரஸ்வதி வீற்றிருந்தாள். உள்ளே நுழைகிறவர் எந்தச் சமயத்தவராயினும் அவளைக் கடந்துதான் போனார். இருபது ஆண்டுகளில் 97,000 நூல்கள் சேர்ந்தன. ஏடுகள், குடும்பங்கள் தந்த தனிச் சேகரங்கள், ஆனந்த குமாரசுவாமியின் நூல்கள், வேறெங்கும் பிரதியில்லாத பழைய பத்திரிகைகள் எல்லாம் அங்கே இருந்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒரு மேசையில், ஆராய்ச்சிக்கு வந்த கிழவர் அடுத்த மேசையில்.

1981 மே மாதக் கடைசி நாளன்று மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாட்கள் இருந்தன. நாச்சிமார் கோயிலடியில் தேர்தல் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. திடீரென்று வெடிச்சத்தம் கேட்டது.

*

சுடப்பட்டவர்கள் பொலிஸார். இருவர் இறந்தார்கள். அந்த இரவிலேயே பழிவாங்கல் தொடங்கியது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாண எம்.பி.யின் வீடு, கடைகள், பூபாலசிங்கம் புத்தகசாலை, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம். தெருக்களில் நின்ற தமிழ்ப் பெரியார்களின் சிலைகளும் உடைபட்டன. இவற்றோடு சேர்த்து, சீருடையணிந்தவர்களும் குண்டர்களும் நூலகத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். அரசின் அமைச்சர்கள் இருவர் அப்போது யாழ்ப்பாணத்தில்தான் தங்கியிருந்தார்கள்.

பல மொழிகள் கற்ற தாவீது அடிகளார் சென். பத்திரிசியார் கல்லூரி வளவின் மாடியிலிருந்து வானம் சிவப்பதைப் பார்த்தார். எரிவது நூலகம் என்று அறிந்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து அங்கேயே விழுந்து இறந்தார். சொற்களின் வேரைத் தேடியே வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். இந்தக் கதையில் நான் எழுதத் தயங்கும் பகுதி இதுதான். இதற்கு மேல் எழுதவில்லை.

தீ வைத்த எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டே ஊர் எழுந்தது. 1982 இல் நூலக வாரம் நடத்தி வீடு வீடாகப் புத்தகம் சேர்த்தார்கள். கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜாவின் திட்டத்தில் புனரமைப்பு நடந்தது. 1983 ஜூலையின் கலவரத்தையும் தாண்டி 1984 இல் நூலகம் மறுபடி வாசகர்களைக் கண்டது. ஓராண்டுகூட நிம்மதியாக இருக்கவில்லை. 1985 இல் படையினர் உள்ளே புகுந்து குண்டு வைத்தார்கள். சேர்த்த நூல்கள் கிழிந்து சிதறின. அதன் பிறகு கோட்டைக்குள் ஒரு தரப்பு, கோட்டைக்கு வெளியே மறுதரப்பு. இடையில் அகப்பட்ட நூலகம் சூனியப் பிரதேசமானது.

என் தலைமுறைக்கு அது ஒரு கூடு. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். சன்னங்கள் துளைத்த சுவர், யன்னல்களின் இடத்தில் ஓட்டைகள், ஓட்டைகளுக்கு மேலே நாக்கு நீட்டிய மாதிரிக் கரி. அந்த இடம் வரும்போது அப்பா பேச்சை நிறுத்திவிட்டுச் சைக்கிளை மிதிப்பார். மற்றக் கட்டடங்களும் இடிந்துதான் கிடந்தன. ஆனால் அவற்றின் முன்னால் அவர் பேச்சை நிறுத்தியதில்லை.

*

குடாநாடு 1996 இல் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. சந்திரிகா குமாரதுங்கவின் அரசு நூலகத்தைக் கட்டித்தரப் போகிறது. 1998 இல் வெண்தாமரை இயக்கம் பிரசாரத்தைத் தொடங்கியது. அமைச்சர் மங்கள சமரவீர அதை முன்னின்று நடத்தினார். அதன் வேண்டுகோள் எளிமையானது: நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும் தரவேண்டும்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவும், எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்.

“கட்டட்டும் மாஸ்ரர். பிள்ளையளுக்கு இருந்து படிக்க ஒரு மேசை வேணுமெல்லோ.”

“கட்டவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லையே. பக்கத்தில காணி கிடக்கு, அங்க கட்டட்டும். இதுக்கு ஏன் பூச்சு? பூசிப்போட்டா, நாளைக்கு வாறவன் இது எரிஞ்சது எண்டதை எப்பிடி நம்புவான்?”

“எரிஞ்ச சுவரைப் பார்த்துப் பிள்ளை என்னத்தைப் படிக்கும்?”

“அதைத்தான் படிக்கோணும்.”

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. ஆறும்வரை இருவரும் தொடவில்லை.

அந்த விறாந்தையில் மட்டும் நடந்த வழக்கல்ல இது. ஊரே இரண்டுபட்டு நின்றது. இடிபாட்டை நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்றவர்கள் ஒருபுறம். பிள்ளைகளுக்கு நூலகம்தான் வேண்டும், நினைவுச் சின்னம் சோறு போடாது என்றவர்கள் மறுபுறம். மூன்றாவது குரலும் ஒன்று இருந்தது. கட்டித் தருகிறவர் யார் என்று அது கேட்டது. எரித்தவனை விசாரிக்காத அரசு, எரிந்ததை வெள்ளையடிக்க மட்டும் ஏன் இத்தனை அவசரப்படுகிறது? போர் நடந்துகொண்டிருக்கும்போதே சமாதானத்தின் படத்தை உலகுக்குக் காட்டவா?

இதே வழக்கு வேறு ஊர்களிலும் நடந்திருக்கிறது. பேர்லினில் குண்டுபட்ட கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தை முழுக்க இடித்துவிட்டுப் புதிது கட்டத்தான் 1957 இல் கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மன் திட்டம் போட்டார். ஊர்மக்கள் கொதித்தெழுந்தார்கள். உடைந்த கோபுரம் அப்படியே நிற்க, அதன் அருகில் புதிய தேவாலயம் 1961 இல் எழுந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்துக்கருகில் எஞ்சிய குவிமாடத்தைப் பார்க்கவே நெஞ்சு பொறுக்கவில்லை, இடித்துவிடுங்கள் என்று தப்பிப் பிழைத்தவர்களிலேயே பலர் கேட்டார்கள். இருபது ஆண்டுகள் இழுபறிக்குப் பிறகு, 1966 இல்தான் அதைக் காப்பதென்று மாநகர சபை தீர்மானித்தது. 1996 இல், எங்கள் நூலகத்தின் கூடு கரியோடு நின்ற அதே காலத்தில், அந்தக் குவிமாடம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

அந்த இரண்டு ஊர்களிலும் வழக்காட அவகாசம் இருந்தது. தீர்மானிக்கத் தங்களுடைய சபையும் இருந்தது. சுற்றிவரச் சோதனைச்சாவடிகளும் இரவில் ஊரடங்கும் இருந்த யாழ்ப்பாணத்தில் எவர் எந்த மேடையில் ஏறி வழக்காடுவது? விறாந்தைகளில் பேசினோம். கூட்டம் கூடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டிய ஊரில் அவ்வளவுதான் முடிந்தது.

என் தீர்ப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டியது சரி. அப்பா கேட்ட மேசை பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அதில் நானும் படித்தேன். ஆனால் ஒரு சுவரையாவது விட்டிருக்க வேண்டும். ஒரு யன்னலும் அதன் மேலே படிந்த கரியும் போதும். மாஸ்ரரின் பக்கம் நான் வந்து சேர இருபது ஆண்டுகள் பிடித்தன.

*

செங்கற்கள் வந்தன. தெற்கிலிருந்து புத்தகங்கள் வந்தன. அவற்றைக் கொடுத்தவர்களில் மனம் வருந்தித் தந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நான் சந்தேகிக்கவே மாட்டேன். சிங்களக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு புத்தகத்தைச் சுற்றிக்கட்டி அனுப்பிய ஆள் யாராக இருந்தாலும், அவருக்கு என் வணக்கம். புத்தகத்தின் முதற்பக்கத்தில் தந்தவரின் பெயரை எழுதலாம். செங்கல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சாந்து பூசி, அதன்மேல் வெள்ளை அடித்த பிறகு எந்தக் கல் எவருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். காணிவேல் காசுக்கு நேர்ந்தது மறுபடியும் நேர்ந்தது. ஒரே ஒரு வேறுபாடு, இம்முறை கொடுத்தவரின் பெயரோடு எரிந்ததன் தடயமும் அதே பூச்சுக்குள் போனது.

பத்து இலட்சம் டொலருக்கு மேல் செலவானது. 2001 அளவில் கட்டடம் முடிந்தது. குவிமாடம் பழைய இடத்திலேயே ஏறியது. சரஸ்வதியும் வாசலுக்குத் திரும்பினாள். தூரத்திலிருந்து பார்த்தால் 1959 இன் நூலகமே எழுந்து வந்த மாதிரி இருந்தது. கிட்டப் போனால் வண்ணத்தின் பச்சை வாசனை அடித்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஏ-9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து, நல்லூரையும் நயினாதீவையும் பார்த்துவிட்டு நூலகத்தின் முன்னால் நின்று படம் எடுத்தது. பூட்டிய வாசலின் முன்னால்தான் எடுத்தது. கட்டடம் தயார், புத்தகங்கள் தயார், ஆனால் நூலகம் இன்னும் திறக்கவில்லை.

மாநகர சபை அப்போது தமிழர் விடுதலைக் கூட்டணியின் கையில். மேயர் செல்லன் கந்தையன். சபை நாள் குறித்தது: 2003 பெப்ரவரி 14. கூட்டணியின் தலைவர் வீ. ஆனந்தசங்கரி திறந்துவைப்பார் என்று முடிவானது.

நாள் குறித்த உடனே பழைய வழக்கு புதிய உருவில் எழுந்தது. கரியைத் துடைக்கலாமா என்று இப்போது எவரும் கேட்கவில்லை. அது துடைத்தாயிற்று. திறக்கிறவர் யார்? திறப்புவிழாவின் படத்தில் முன்வரிசையில் எவர் முகம்? வாசற்கல்லில் காலாகாலத்துக்கும் நிற்கப்போகும் பெயர் எவருடையது? விடுதலைப் புலிகள் தரப்பிலிருந்து விழாவை ஒத்திவைக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. அரசியல் இலாபத்துக்காக அவசரமாகத் திறக்கிறார்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள். மேயர் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், அந்தப் பெயர் அந்தக் கல்லில் ஏறுவதைச் சிலரால் தாங்க முடியவில்லை என்ற பேச்சும் அன்றே எழுந்தது. அந்தப் பேச்சு இன்றும் அடங்கவில்லை. அடங்கவும் கூடாது.

பெப்ரவரி 14 விடிந்தது. நூலக வாசலில் மேளமும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை, நிறைகுடமும் இல்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. மேயரும் சபை உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். 844 புத்தகங்களோடு ஒரு வாடகை அறையில் தொடங்கி, இரண்டு முறை அழிந்து, மூன்றாம் முறை எழுந்த அந்த நூலகத்தைத் திறந்துவைக்க ஊரில் ஓர் ஆள் இல்லாமல் போனது.

ஆனால் நூலகம் திறந்தது. நாடா வெட்டாமல், மேடை போடாமல், ஒரு நாள் அது வாசகர்களை உள்ளே விட்டது. முதலில் உள்ளே போனவர்கள் அங்கே எதைத் தேடினார்கள்? அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, புல்லுக்குளத்தின் அருகில், நூலகத்தின் நிழல் விழும் தூரத்தில் இந்தியா கட்டித்தந்த மற்றொரு பெரிய கட்டடத்தின் நெற்றியில், 2025 ஜனவரியில், ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை பெயர் மாறியது ஏன்?

(அடுத்த வாரம்: பெயர்ப்பலகையில் காணாமல் போன ஊர்)